மேனேஜ்டு சுவிட்ச்: வாங்குவதிலிருந்து முழுதாகப் பயன்படுத்துவது வரை

புதுச்சேரியில் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் 24 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் (கம்ப்யூட்டர், கேமரா போன்றவற்றைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் முதலில் கேட்பது “மேனேஜ்டா, சாதாவா?” என்பதுதான். பெட்டியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதே ஓட்டைகள், அதே பச்சை விளக்குகள். விலையில்தான் நல்ல வித்தியாசம். கூடக் கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரியாமலே பலர் மேனேஜ்டு சுவிட்சை வாங்கி, ரேக்கில் மாட்டி, கேபிள்களைச் செருகிவிட்டு, ஒருமுறைகூட உள்ளே நுழைந்து பார்க்காமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். கடலூர், புதுச்சேரி இரண்டு ஊரிலும் இந்த வேலை செய்கிறவன் நான். அப்படிக் கிடக்கும் சுவிட்சுகளைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனசு கஷ்டப்படும். வாங்கியவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சாதா சுவிட்ச் தன் வேலையைச் செய்யும், ஆனால் என்ன செய்கிறது என்று நம்மிடம் சொல்லாது. மேனேஜ்டு சுவிட்ச் கேட்டால் சொல்லும், சொன்னால் கேட்கும். அதன் எல்லா வசதிகளும் இந்த இரண்டில் ஒன்றில் வந்து சேரும்.

உதாரணத்துக்கு ஒரே ஓர் இடத்தை வைத்துக்கொள்வோம். புதுச்சேரி கடற்கரையிலிருந்து சில தெரு தள்ளி ஒரு மூன்று மாடி லாட்ஜ். 12 கேமரா, வராந்தாக்களில் 6 வைஃபை ஆக்சஸ் பாயிண்ட், 4 ஐ.பி. போன், கேமரா பதிவுக்கு ஒரு என்.வி.ஆர்., இன்டர்நெட்டுக்கு ஒரு ரூட்டர், மேல்மாடியில் ஒரு சிறிய சுவிட்ச். ரிசப்ஷனில் உள்ள பில்லிங் கம்ப்யூட்டர் போனுக்குப் பின்னால் இருக்கும் போர்ட்டில் இணைந்திருக்கிறது. பள்ளிக்கூடம், கிளினிக், ஜவுளிக்கடை எதுவானாலும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான்.

படி 1: வாங்கும் முன்

சந்தையில் மூன்று வகை கிடைக்கும். பிரவுசரில் மட்டும் செட் செய்யும் ஸ்மார்ட் சுவிட்ச், கன்சோலும் கட்டளை வரியும் உள்ள முழு மேனேஜ்டு லேயர் 2, தானே ரூட்டிங் செய்யும் லேயர் 3. நம் லாட்ஜுக்கு லேயர் 2 போதும். நல்ல ஸ்மார்ட் சுவிட்சே இந்த வேலையைச் செய்துவிடும். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பதை விட்டுவிட்டு ஸ்பெக் தாளில் மூன்றைத் தேடுங்கள். ஸ்விட்சிங் திறன் முதலாவது. 24 ஜிகாபிட் போர்ட்டும் ஃபைபர் செருகும் 4 ஜிகாபிட் எஸ்.எஃப்.பி. போர்ட்டும் இருந்தால், போக வர இரண்டு திசைக்கும் சேர்த்து 56 ஜி.பி.பி.எஸ். இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் எல்லாப் போர்ட்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடாது. அடுத்து பி.ஓ.இ. (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கும் போனுக்கும் மின்சாரம் கொடுப்பது) மொத்த வாட் எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம் டி.எச்.சி.பி. ஸ்நூப்பிங் (வேண்டாத பெட்டி ஐ.பி. முகவரி கொடுப்பதைத் தடுக்கும் வசதி) உண்டா என்பது. இவை ஏன் முக்கியம் என்று கீழே வரும்.

படி 2: கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாள்

24 வரி போட்ட ஒரு தாளை எடுத்து, எந்தப் போர்ட்டில் எது, எந்த அறை, எந்தக் கேபிள் நம்பர் என்று எழுதுங்கள். இதை விட்டுவிட்டுச் செய்கிற எந்த செட்டிங்கும் நிற்காது. எழுதும்போதே குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் கொடுத்துவிடலாம். படி 4-இல் வரும் வி-லேன் எண் இதுதான். நம் லாட்ஜுக்கு: அலுவலகமும் பில்லிங்கும் 10, கேமராக்கள் 20, விருந்தினர் வைஃபை 30, போன் 40, சுவிட்சை நிர்வகிக்க 99. ஐ.பி. முகவரியிலும் அதே எண் வரட்டும். 192.168.20 என்று பார்த்தவுடன் கேமரா என்று புரிந்துவிடும். நள்ளிரவில் பிரச்சினை வந்தால் யோசிக்கிற வேலை மிச்சம்.

படி 3: முதல் நுழைவு

லேப்டாப்பைச் சுவிட்சின் ஒரு போர்ட்டில் நேராக இணைத்து, பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் முகவரியில் பிரவுசரைத் திறங்கள். கன்சோல் கேபிள் வழியாக நுழைவதானால் வேகம் பெரும்பாலும் 9600 இருக்கும், சில சுவிட்சுகளில் 115200. திரையில் புரியாத எழுத்து ஓடினால் இதை மாற்றிப் பாருங்கள்.

உள்ளே போனதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ‘அட்மின்’ என்ற பழைய பாஸ்வேர்டோடு ஓடும் சுவிட்ச் பூட்டில்லாத வீடு மாதிரி. அடுத்து, தூரத்திலிருந்து சுவிட்சுக்குள் நுழையும் இரண்டு வழிகளில் டெல்நெட்டை நிறுத்தி, மறையாக்கம் செய்யும் எஸ்.எஸ்.எச்.சை இயக்குங்கள். டெல்நெட்டில் அடிக்கும் பாஸ்வேர்டு அப்படியே படிக்கிற மாதிரி வயரில் போகும். சுவிட்சின் நிலையை வேறு கம்ப்யூட்டரிலிருந்து கண்காணிக்கும் எஸ்.என்.எம்.பி. தேவையில்லை என்றால் நிறுத்துங்கள். தேவை என்றால் 3-ஆம் பதிப்பைப் பயன்படுத்துங்கள். பழைய பதிப்பில் ‘பப்ளிக்’ என்ற சொல் தெரிந்த எவரும் உங்கள் சுவிட்சைப் படிக்கலாம். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள், எல்லாம் ஓட ஆரம்பித்தபின் அதற்கு நேரம் கிடைக்காது.

கடிகாரத்தையும் சரிசெய்யுங்கள். சரியான நேரம் சொல்லும் என்.டி.பி. சர்வரைக் கொடுத்து நேர மண்டலம் +5:30 வையுங்கள். பல சுவிட்சுகளில் பேட்டரி கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் தேதி எங்கோ பழைய வருடத்துக்குப் போய்விடும். அப்புறம் சுவிட்ச் தானே எழுதும் நிகழ்வுப் பதிவான லாகில் உள்ள எந்த வரி நேற்று நடந்தது, எது போன மாதம் நடந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

படி 4: வி-லேன்

மேனேஜ்டு சுவிட்சின் உயிர்நாடி இதுதான். புதுச்சேரியை நன்றாகத் தெரிந்தவர்களுக்குப் பெரிய வாய்க்கால் தெரியும். ஒரே ஊர்தான், ஆனால் நடுவில் வாய்க்கால் ஓடுகிறது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக வேண்டும் என்றால் பாலம் இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். வி-லேன் என்பது ஒரே சுவிட்சுக்குள் வெட்டிய வாய்க்கால். வி-லேன் 20-இல் இருக்கும் கேமராவுக்கு வி-லேன் 30-இல் இருக்கும் விருந்தினரின் போன் இருப்பதே தெரியாது. பாலம், ரூட்டர். பாலத்தில் யாரை விடலாம், யாரைக் கூடாது என்று பார்க்கும் காவலாளி, ரூட்டரில் நாம் எழுதும் ஃபயர்வால் விதி.

பலர் வழுக்கி விழும் இடம் இந்தப் பாலம்தான். வி-லேன் பிரித்தாயிற்று, பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். நிறைய ரூட்டர்கள் எல்லா வி-லேனுக்கும் நடுவில் தாமாகவே வழி விட்டுவிடும். “30-இலிருந்து இன்டர்நெட்டுக்கு மட்டும், 10, 20, 40, 99 எதற்கும் கூடாது” என்று ரூட்டரில் நீங்களே விதி எழுத வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், 802.1 க்யூ என்ற தரப்படி ஒவ்வொரு ஃபிரேமிலும் (சுவிட்ச் வழியாகப் போகும் தரவுப் பொட்டலம்) 4 பைட் சீட்டு ஒன்று செருகப்படுகிறது. அதில் 12 பிட் வி-லேன் எண்ணுக்கு. அதனால்தான் 1 முதல் 4094 வரை எண் கொடுக்க முடிகிறது. சீட்டோடு போகும் போர்ட்டை டேக்டு என்றும், சீட்டைக் கிழித்துவிட்டு அனுப்பும் போர்ட்டை அன்டேக்டு என்றும் சொல்வார்கள். கேமராவுக்கும் என்.வி.ஆருக்கும் சீட்டு படிக்கத் தெரியாது, ஆகவே அவற்றுக்கு அன்டேக்டு 20. ரூட்டருக்குப் போகும் 24-ஆம் போர்ட்டில் எல்லா வி-லேனும் டேக்டாகப் போக வேண்டும். மேல்மாடிச் சிறிய சுவிட்சுக்குப் போகும் இணைப்பும் அப்படியே. ஆக்சஸ் பாயிண்ட் போர்ட்டில் நிர்வாகத்துக்கு அன்டேக்டு 99, கூடவே டேக்டாக 30-ம் 10-ம். ரிசப்ஷன் போன் போர்ட்டில் போனுக்கு டேக்டு 40, பின்னால் தொங்கும் பில்லிங் கம்ப்யூட்டருக்கு அன்டேக்டு 10.

ஸ்மார்ட் சுவிட்சுகளில் இதைச் செய்ய மூன்று இடம் தொட வேண்டும். வி-லேனை உருவாக்குவது, அதில் போர்ட்டைச் சேர்ப்பது, பி.வி.ஐ.டி. (சீட்டில்லாமல் உள்ளே வருவது எந்த வி-லேனில் சேரும் என்ற எண்) மாற்றுவது. மூன்றாவதை மறந்துவிடுவது சர்வசாதாரணம். போர்ட்டை அன்டேக்டு 20-இல் சேர்த்துவிட்டு பி.வி.ஐ.டி.யை 1-லேயே விட்டால், சுவிட்சிலிருந்து கேமராவுக்குப் போவது 20-இலிருந்து போகும், கேமரா அனுப்புவது 1-க்குள் வந்து விழும். விளக்கு எரியும், லிங்க் இருக்கும், ஆனால் கேமராவுக்கு ஐ.பி. கிடைக்காது. கேபிளை மாற்றி, கேமராவை மாற்றி, அரை நாள் போய்விடும். முதலில் பி.வி.ஐ.டி.யைப் பாருங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் 24-ஆம் போர்ட், அப்புறம் கேமரா, ஆக்சஸ் பாயிண்ட், போன். உங்கள் லேப்டாப் இணைந்திருக்கும் போர்ட்டையும் சுவிட்சின் நிர்வாக வி-லேனையும் கடைசியில் தொடுங்கள். முதலில் தொட்டால் நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டிய கதைதான். கன்சோல் கேபிள் கையில் இல்லை என்றால் ரீசெட் பொத்தானை அழுத்தி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

முடித்ததும் விருந்தினர் வைஃபையில் உங்கள் போனை இணைத்து, என்.வி.ஆர். முகவரியைத் திறந்து பாருங்கள். திறக்கக் கூடாது. பில்லிங் கம்ப்யூட்டரைப் பிங் செய்தாலும் பதில் வரக் கூடாது. சோதித்துப் பார்க்காத வி-லேனை நான் முடித்த வேலையாகக் கணக்கில் வைப்பதில்லை.

படி 5: லூப்

ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு லாட்ஜ் மேனேஜரிடமிருந்து போன். “அண்ணே, பில் போட முடியல, கேமரா தெரியல, வைஃபை இல்லன்னு கெஸ்ட் எல்லாம் கீழ வந்து நிக்கிறாங்க. உடனே வாங்கண்ணே.” கடலூரிலிருந்து பைக்கில் போய்ச் சேர்ந்து ரேக்கைத் திறந்தால், சுவிட்சின் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில், மூச்சு விடாமல் மின்னிக்கொண்டிருந்தன. சாதாரணமாக ஒவ்வொரு விளக்கும் தன் போக்கில் மின்னும். எல்லாம் சேர்ந்து மின்னினால் லூப், அதாவது கேபிள் எங்கோ வட்டமாகத் திரும்பி வந்து சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். 17-ஐப் பிடுங்கியதும் எல்லாம் அடங்கியது. இரண்டாவது மாடி வராந்தாவில், தரையில் தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையைச் சுத்தம் செய்ய வந்தவர் நல்ல எண்ணத்தில் பக்கத்துச் சுவர் சாக்கெட்டில் செருகியிருக்கிறார். ஒரே கேபிளின் இரண்டு முனையும் சுவரில். அங்கே மாட்டியிருந்தது சாதா சுவிட்ச். அவர்மேல் தப்பே இல்லை. அதைத் தாங்கும்படி நெட்வொர்க்கை வைக்காததுதான் தப்பு.

ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் கணக்கு கிடையாது. வட்டப் பாதை கிடைத்தால் ஒரு பிராட்காஸ்ட் (எல்லாப் போர்ட்டுக்கும் போகும் செய்தி) சுற்றிக்கொண்டே, பெருகிக்கொண்டே இருக்கும். இதற்கு 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி கண்டுபிடித்த தீர்வுதான் ஸ்பேனிங் ட்ரீ. சுவிட்சுகள் தங்களுக்குள் சிறு செய்திகள் அனுப்பி, வட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டு, ஒரு வழியை மூடிவைக்கும். பழைய முறையில் பாதை மாற 30 முதல் 50 விநாடி ஆகும். 2001-இல் வந்த ரேப்பிட் ஸ்பேனிங் ட்ரீ (ஆர்.எஸ்.டி.பி.) சட்டென்று மாறிவிடும். மெனுவில் ஆர்.எஸ்.டி.பி.யைத் தேர்ந்தெடுங்கள். இயங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், சில ஸ்மார்ட் சுவிட்சுகள் அணைத்த நிலையிலேயே வரும்.

அடுத்து, தலைமைச் சுவிட்ச் எது என்று நீங்களே சொல்லுங்கள். எல்லாச் சுவிட்சும் 32768 என்ற முன்னுரிமையோடு வரும். சமமாக இருந்தால் மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்துக்கும் தயாரிக்கும்போதே கொடுக்கும் எண்) சிறியதாக உள்ளது தலைமை ஏற்கும். மூலையில் கிடக்கும் பழைய பெட்டிக்கு அந்தப் பதவி போய்விட வாய்ப்பு அதிகம். ரேக்கில் உள்ள பெரிய சுவிட்சுக்கு 4096 என்று வையுங்கள். எண் சிறியதானால் முன்னுரிமை கூடும்.

கேமரா, போன், அறைச் சாக்கெட் போர்ட்டுகளை ‘எட்ஜ்’ (கடைசிச் சாதனம் மட்டும் இணையும் போர்ட்) என்று குறித்து, பி.பி.டி.யு. கார்டு என்ற காவலை இயக்குங்கள். அந்தப் போர்ட்டில் வேறொரு சுவிட்சின் ஸ்பேனிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட் தானே மூடிக்கொள்ளும். அந்தச் செய்தியை விழுங்கிவிடும் மலிவான பெட்டிகளும் உண்டு. அதனால் லூப் டிடெக்‌ஷன், பிராட்காஸ்ட் அளவு மீறினால் தடுக்கும் ஸ்டார்ம் கன்ட்ரோல் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். மூடிய போர்ட் 300 விநாடியில் தானே திறக்கும்படி வைத்தால் ராத்திரி ஓட வேண்டியதில்லை. அந்த ராத்திரிக்குப் பிறகு அந்த லாட்ஜில் மேனேஜ்டு சுவிட்ச் மாட்டி இத்தனையும் செய்தேன். சனிக்கிழமை அழைப்பு அதன்பின் வரவில்லை.

படி 6: பி.ஓ.இ. கணக்கு

பகலில் நன்றாக ஓடும் கேமராக்களில் இரண்டு மூன்று மட்டும் சாயங்காலம் ஆறரைக்கு மேல் அணைந்து அணைந்து எரிந்தால், கேமராவைக் கழற்றாதீர்கள். கணக்கைப் போடுங்கள். இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும். பகலில் 4 வாட் குடித்த கேமரா 7.5 வாட் கேட்கும். 12 கேமராவுக்குப் பகலில் 48, ராத்திரியில் 90. ஆக்சஸ் பாயிண்ட் ஆறுக்கு, ஒன்றுக்கு 12 வீதம், 72. போன் நாலுக்கு 12. பகல் மொத்தம் 132, ராத்திரி 174. சுவிட்சின் பட்ஜெட் 150 வாட்டாக இருந்தால் விளைவு தெரிந்ததுதான். உங்கள் கேமரா, ஆக்சஸ் பாயிண்ட் தாள்களில் உள்ள அதிகபட்ச வாட்டைப் போட்டுக் கூட்டுங்கள், அதற்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி வாங்குங்கள்.

ஒரு போர்ட்டின் வரம்பு வேறு. 2003-இல் வந்த 802.3 ஏ.எஃப். தரத்தில் சுவிட்ச் கொடுப்பது 15.4 வாட். 100 மீட்டர் கேபிளில் இழந்ததுபோக மறுமுனைக்கு 12.95 உறுதி. 2009-இன் ஏ.டி. தரத்தில் 30 கொடுத்து 25.5 சேரும். 2018-இல் வந்த பி.டி. தரத்தில் 60, 90 வரை போகும். மெனுவில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் முன்னுரிமை கொடுக்கலாம். வாசல் கேமராவும் பில்லிங் கவுன்டர் கேமராவும் ‘கிரிட்டிக்கல்’, மொட்டைமாடி ஆக்சஸ் பாயிண்ட் ‘லோ’ என்று வையுங்கள். பற்றாக்குறை வந்தால் எது அணைய வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள்.

இன்னொன்று. உறைந்துபோன கேமராவை ஏணி போட்டு ஏறி ரீஸ்டார்ட் செய்யத் தேவையில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தப் போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் போதும்.

படி 7: வேண்டாத விருந்தாளி

யாராவது வீட்டிலிருந்து பழைய வைஃபை ரூட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டை அலுவலகச் சாக்கெட்டில் செருகினால், அது தன் பங்குக்கு ஐ.பி. முகவரி கொடுக்க ஆரம்பிக்கும். பில்லிங் கம்ப்யூட்டருக்கு 192.168.1 என்று ஆரம்பிக்கும் முகவரி கிடைத்து, பிரின்டரும் போகும், இன்டர்நெட்டும் போகும். டி.எச்.சி.பி. ஸ்நூப்பிங்கை எல்லா வி-லேனுக்கும் இயக்கி, ரூட்டர் இருக்கும் 24-ஐ மட்டும் நம்பிக்கைப் போர்ட் ஆக்குங்கள். மேல்மாடிச் சுவிட்சிலும் இயக்கினால், அங்கே கீழே வரும் இணைப்பு நம்பிக்கைப் போர்ட். இதை மறந்தால் மேல்மாடியில் ஒருவருக்கும் முகவரி கிடைக்காது. போர்ட் செக்யூரிட்டியில் கேமரா போர்ட்டுக்கு ஒரே ஒரு மேக் முகவரி என்று பூட்டிவிட்டால், வெளிச்சுவர் கேமராவைக் கழற்றி லேப்டாப் செருகுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. பயன்படாத போர்ட்டுகளை மூடிவையுங்கள்.

படி 8: உப்புக்காற்று

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியது இது. கேபிள் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பின்களின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி பீச் ரோட்டுப் பக்கத்திலும், வெளிச்சுவரில் மூடியில்லாமல் விட்ட முனைகளில் இதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். சாதா சுவிட்சில் இது “நெட் ஸ்லோ” என்ற புகாராக மட்டும் வரும். மேனேஜ்டு சுவிட்ச் இரண்டு இடத்தில் காட்டிக்கொடுக்கும்.

முதலாவது, போர்ட் புள்ளிவிவரத்தில் சி.ஆர்.சி. எரர் (வழியில் கெட்டுப்போய் வந்த ஃபிரேம்களின் எண்ணிக்கை). நல்ல கேபிளில் அது சுழியம் அல்லது நின்றுபோன எண். எண்ணை அழித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஏறிக்கொண்டே இருந்தால் முனையை வெட்டிப் புதிதாக அடியுங்கள். இரண்டாவது, வேகம். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இரண்டு ஜோடி போதும். நேற்றுவரை 1000 காட்டிய போர்ட் இன்று 100 காட்டினால் ஏதோ ஒரு ஜோடி போய்விட்டது என்று அர்த்தம். கேபிள் டெஸ்ட் வசதி இருந்தால் எந்த ஜோடி, எத்தனை மீட்டர் தள்ளி என்றே சொல்லிவிடும். 41 மீட்டரில் துண்டு என்று வந்தால் நேராகப் படிக்கட்டு வளைவுக்குப் போய்ப் பார்க்கலாம்.

இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கேபிள் போடாதீர்கள். எஸ்.எஃப்.பி. போர்ட் இருப்பது ஃபைபருக்காக. ஐப்பசி, கார்த்திகையில் இடி விழுந்தால் செம்பு வழியாக வரும் மின்சாரம் இரண்டு முனைச் சுவிட்சையும் எரித்துவிடும், கண்ணாடி இழையில் அது வராது. ரேக்குக்கு எர்த் கொடுங்கள். 2011-இல் ‘தானே’ புயல், 2024-இல் ‘ஃபெஞ்சல்’ புயல் எல்லாம் பார்த்த ஊர் நம்முடையது. ரேக்கைத் தரைத்தளத்தில் வைக்காமல் முதல் மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.

படி 9: மற்றவை

போன் குரல் விட்டுவிட்டுக் கேட்டால், எந்தப் போக்குவரத்து முந்திப் போக வேண்டும் என்று சொல்லும் கியூ.ஓ.எஸ். போடுங்கள். போன் தன் குரலில் குத்தி அனுப்பும் டி.எஸ்.சி.பி. 46 என்ற முத்திரையை நம்பும்படி வைத்தால் போதும், மற்றதை அப்படியே விடலாம். இரண்டு கேபிளை ஒன்றாகக் கட்டும் எல்.ஏ.சி.பி.யில் ஒரு கோப்பு இரட்டை வேகத்தில் போகாது, பல பேர் சேர்ந்து பயன்படுத்தும்போதுதான் பலன் தெரியும். ஐ.பி. டிவி ஓட்டும் லாட்ஜுகளில், கேட்ட போர்ட்டுக்கு மட்டும் சேனலை அனுப்பும் ஐ.ஜி.எம்.பி. ஸ்நூப்பிங் கட்டாயம். போர்ட் மிரரிங்கில் ஒரு போர்ட்டின் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்கு நகல் எடுத்து, வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பார்க்கலாம். பிரச்சினை தீர்ந்ததும் அதை நிறுத்திவிடுங்கள், விருந்தினரின் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நமக்கு உரிமை இல்லை.

படி 10: சேமிப்பு

செட்டிங் செய்து ‘அப்ளை’ அடித்ததும் வேலை செய்யும். ஆனால் பல சுவிட்சுகளில் அது தற்காலிக நினைவில்தான் இருக்கும். தனியாக ‘சேவ்’ அடிக்காவிட்டால் அடுத்த கரண்ட் கட்டில் அத்தனையும் போய்விடும். சேவ் அடித்தபின் ஆட்கள் குறைந்த நேரமாகப் பார்த்துச் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டு, எல்லாம் திரும்ப வருகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

பிறகு கான்ஃபிக் கோப்பை இறக்கி, தேதியைப் பெயரில் வைத்து, உங்களிடம் ஒன்றும் லாட்ஜ் உரிமையாளரிடம் ஒன்றும் கொடுங்கள். லாகை ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும்படி சிஸ்லாக் முகவரி கொடுங்கள், சுவிட்ச் எரிந்தாலும் லாக் மிஞ்சும். படி 2-இல் எழுதிய தாளைத் திருத்தி எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாதீர்கள். அதை ஒரு கவரில் போட்டு ஒட்டி உரிமையாளர் கையில் கொடுத்துவிடுங்கள்.